பக்கத்து வீட்டு மைதானம்

1982ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, ஒரு புதன்கிழமை. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் ஹாக்கி இறுதியாட்டம். எதிரணி பாகிஸ்தான். சென்னையில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளின் கூடங்களில் அன்று ஜமுக்காளம் விரித்தாயிற்று. பெட்டிக்கு உரியவர் பிரம்பு நாற்காலியில், உறவினர் பாயில், தெருப் பிள்ளைகள் வெறுந்தரையில், அதற்கும் பின்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சிலர். முதல் கோலை இந்தியா போட்டது. கூடம் அதிர்ந்தது. அதன்பின் பாகிஸ்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போய் ஏழில் நிறுத்தியது. ஆட்டம் முடியும் முன்பே ஜன்னல் காலியாகிவிட்டிருந்தது.

விளையாட்டை வீட்டிலிருந்து பார்ப்பதன் இன்பத்தைப் பற்றி எழுத வந்துவிட்டு ஒன்றுக்கு ஏழு என்ற தோல்வியில் தொடங்குவது விசித்திரமாகப் படலாம். ஆனால் வரலாறு அப்படித்தான் தொடங்கியது. நம் ஹாக்கியின் வெற்றிகளை நாம் காதால்தான் கேட்டோம். 1975 மார்ச் 15 அன்று கோலாலம்பூரில் அதே பாகிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா உலகக் கோப்பையைப் பெற்றபோது இங்கே வானொலிப் பெட்டிகள்தான் அலறின. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது அதற்குச் சரியாக ஐந்து மாதம் கழித்து, அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று. 1980இல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று ஒலிம்பிக் தங்கம் பெற்ற அணியின் தலைவர் நம் சென்னைக்காரரான வி. பாஸ்கரன். ஊர்க்காரர் தங்கம் வாங்கியதை ஊர் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டது. பெட்டியும் வந்து, நேரடி ஒளிபரப்பும் வந்து, கண்ணால் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தபோது பார்க்கக் கிடைத்தது இந்த ஏழு கோல்.

கேட்ட வெற்றிக்கும் பார்த்த தோல்விக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வானொலியில் பந்தைத் தவறவிட்டவர் வெறும் பெயர். அறிவிப்பாளர் அடுத்த வாக்கியத்துக்குப் போனதும் அவர் மறைந்துவிடுவார். தொலைக்காட்சி அவரது முகத்தைக் காட்டியது. அன்றைய கோல்காப்பாளர் மீர் ரஞ்சன் நேகியின் முகம் அப்படித்தான் வீடுகளுக்குள் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார் என்ற பழி அவர்மீது விழுந்தது. அணியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தப் பழியை யார் சுமத்தினார்கள் என்று தேடிப் போனால் எந்த அலுவலகத்திலும் போய் நிற்க முடியாது. ‘எல்லாத்தையும் விட்டுட்டானே, வேணும்னேதான் விட்டான்’ என்று நம் கூடங்களில் சொல்லப்பட்ட சொற்களும் அதில் சேர்ந்துதான் இருக்கின்றன. கண்ணால் பார்த்தோம் என்ற அதிகாரம் நமக்கு வந்துவிட்டிருந்தது. புதிதாகக் கிடைத்த அதிகாரத்தை நாம் முதலில் செலுத்தியது ஒரு கோல்காப்பாளர்மீது.

அந்த அதிகாரம் எப்படி வீடு வந்து சேர்ந்தது என்பதைச் சற்றுப் பார்க்கலாம். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. இருபதாண்டுக்கும் மேலாக அது பெருநகரங்களின் பண்டமாகவே இருந்தது. ஆசிய விளையாட்டை முன்னிட்டுத்தான் அரசு விழித்துக்கொண்டது. 1982 ஆகஸ்ட் 15 அன்று வண்ண ஒளிபரப்பும் நாடு முழுமைக்குமான தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. வண்ணப் பெட்டிகளின் இறக்குமதிக்கு விதிகள் தளர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ செயற்கைக்கோள் செப்டம்பரிலேயே செயலிழந்துபோனது. ஆனாலும் நவம்பர் 19 அன்று போட்டி தொடங்கியபோது அப்பு என்ற யானைக்குட்டியின் படம் வீடுகளுக்கு வந்து சேரத்தான் செய்தது. வண்ணம் என்று சொன்னோமே தவிர, நம் தெருக்களில் அது கறுப்பு வெள்ளை யானைதான். சிலர் மேலே நீலமும் நடுவில் இளஞ்சிவப்பும் கீழே பச்சையுமாக ஒரு பிளாஸ்டிக் தாளைத் திரையில் மாட்டி வண்ணத் தொலைக்காட்சி என்று திருப்திப்பட்டுக்கொண்டார்கள். அதன் வழியே பார்த்தால் எந்த நாட்டு ஓட்டக்காரரானாலும் தலை நீலமாகவும் கால் பச்சையாகவும் இருப்பார். புல்தரைக்கு மட்டும் பொருந்தியது.

பெட்டி என்று சொல்வது சும்மா இல்லை. சாலிடேரும் டயனோராவும் சென்னையிலேயே உருவான நிறுவனங்கள். அவற்றின் அக்காலத்துப் பெட்டிகள் மரத்தாலானவை; இழுத்து மூடும் கதவும் சிலவற்றில் பூட்டும் உண்டு. பக்கத்தில் ஸ்டெபிலைசர் ஒன்று முனகிக்கொண்டிருக்கும். 1980களின் நடுப்பகுதி வரை தொலைக்காட்சி வைத்துக்கொள்ள அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். கதவு, பூட்டு, உரிமம் எல்லாம் சேர்ந்து அதை ஒரு வீட்டுப் பொருளாக அல்லாமல் வீட்டுக்குள் வந்து அமர்ந்த ஒரு சிறு அரசு அலுவலகம் போலத் தோன்றவைத்தன. திறக்கும் நேரம் அதற்கு உண்டு. மூடும் நேரமும் உண்டு. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டையும் உண்டு.

ஆகவே, வீட்டிலிருந்து பார்ப்பது என்று நாம் இன்று சொல்வது அன்று பெரும்பாலானோருக்குப் பிறர் வீட்டிலிருந்து பார்ப்பதாகவே இருந்தது. இதை ஒரு பொற்காலமாக நினைவுகூர்வோர் உண்டு. தெருவே ஒரு குடும்பமாக இருந்தது என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. யார் வீட்டில் ஆட்டமோ அந்த வீட்டு அம்மாள் பெரிய பாத்திரத்தில் காபி போட்டதும், மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பும் பையனுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் இடையே ‘இப்ப தெரியுதா?’, ‘இன்னும் கொஞ்சம் கிழக்கால!’, ‘வந்துடுச்சு, விடு விடு!’ என்று ஒரு சங்கிலி போலக் குரல் போய் வந்ததும் மறக்கக்கூடியவையல்ல. மாடியில் இருந்த பையனுக்கு ஆட்டம் தெரியாது. கீழிருந்து வரும் கூச்சலை வைத்து என்ன நடந்ததென்று அவன் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் குடும்பத்தில் யார் எங்கே அமர்ந்தார்கள் என்பதையும் நினைவுகூர வேண்டும். பெண்கள் பெரும்பாலும் சமையலறை நிலைப்படியில் நின்றபடிதான் பார்த்தார்கள். கபில்தேவ் ஓடிவரும் நேரத்தில் யாராவது தண்ணீர் கேட்பார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் இடமில்லாததால் வெளியே நிற்கவில்லை. உள்ளே இடமிருந்தும் கூப்பிடப்படாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். கிராமங்களில் அந்தக் கோடு இன்னும் தெளிவானது. எந்தத் தெருப் பிள்ளை எந்த வீட்டு வாசல்வரை வரலாம் என்பதைத் தொலைக்காட்சி மாற்றிவிடவில்லை. ஒரே ஆட்டத்துக்கு ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக. அந்தக் கைதட்டல் ஒன்றாகவே ஒலித்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

ஆசிய விளையாட்டு முடிந்த ஏழாவது மாதம் 1983 ஜூன் 25. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இனி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் சலித்துக்கொள்வது நியாயமே. 183 ஓட்டம், அதில் சென்னையின் ஸ்ரீகாந்த் அடித்த 38தான் இரு அணிகளிலுமே அதிகம், மேற்கிந்தியத் தீவுகள் 140க்கு ஆட்டமிழந்தது, மொகிந்தர் அமர்நாத் ஆட்ட நாயகன். நாம் இங்கே பேச விரும்புவது ஆட்டத்தை அல்ல, அதைப் பார்த்ததாகச் சொல்லும் நம்மை. அன்று தமிழ்நாட்டில் சென்னைக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் அப்பால் தூர்தர்ஷன் எட்டிய இடம் மிகக் குறைவு. நாடெங்கும் குறைந்த திறன் ஒளிபரப்பிகள் அடுத்தடுத்து நிறுவப்பட்டது 1984இல்தான். தென்கோடியிலும் கிழக்குக் கரையோரத்திலும் மாடிகளில் நீண்ட குழாய் நட்டு, 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தூர்தர்ஷனை அறியுமுன் ரூபவாஹினியின் சிங்களச் செய்தியை அறிந்த வீடுகள் அவை. மற்ற ஊர்களில் லார்ட்ஸ் ஆட்டம் வானொலியில்தான் வந்தது. இருந்தும், மதன்லால் பந்தில் ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்ததையும் கபில்தேவ் பின்னோக்கி ஓடிப் பிடித்ததையும் அன்றிரவே கண்டதாகச் சத்தியம் செய்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பின்னாளில் நூறு முறை காட்டப்பட்ட துண்டுப்படம் முதல் முறை கேட்ட ஒலியின்மீது ஏறி அமர்ந்துகொண்டுவிட்டது. அதைவிட வேடிக்கை, ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ஓட்டத்துக்கு ஐந்து பேர் போனபின் கபில்தேவ் எடுத்த ஆட்டமிழக்காத 175ஐப் பார்த்ததாகச் சொல்பவர்கள். டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜூன் 18 அன்று நடந்த அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவே இல்லை. பொய் சொல்கிறார்கள் என்று நாம் கருதவில்லை. பார்க்காததை இவ்வளவு துல்லியமாகப் பார்க்க வைத்தது வானொலிதான் என்று கொள்வதே நியாயம்.

1984 ஆகஸ்டில் இன்னொரு தோல்வி. லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடி, 55.41இல் ஓடிய ருமேனியப் பெண்ணிடம் வெண்கலத்தை இழந்தார். நூறில் ஒரு பங்கு விநாடி என்ற அளவை நம் வீட்டுப் பெரியவர்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். கண்ணிமைக்கும் நேரம் என்பது அதைவிடப் பலமடங்கு நீண்டது என்று அறிவியல் ஆசிரியர்கள் விளக்க வேண்டியிருந்தது.

வீட்டிலிருந்து பார்ப்பதன் தனிச்சுவை எதுவென்று கேட்டால், உலகத்தின் கடிகாரம் நம் வீட்டுக் கடிகாரத்தைக் கலைத்துப்போடுவதுதான் என்போம். இங்கிலாந்தில் ஆட்டமென்றால் பிற்பகலில் தொடங்கி நள்ளிரவு நெருங்க முடியும். ஆஸ்திரேலியா என்றால் காலை. 1985 மார்ச் 10, ஞாயிறு. மெல்போர்னில் இந்தியாவும் பாகிஸ்தானும் இறுதியாட்டத்தில். அங்கே விளக்கொளியில் ஆடினார்கள். இங்கே எண்ணெய்க் குளியலும் ஆட்டுக்கறிக் குழம்பும் முடியவில்லை. நம் ஊர்ப் பையனான இருபது வயது நிரம்பாத லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் வீசிய பந்தில் மியாந்தத் ஏமாந்து வெளியே வர, சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பைத் தகர்த்தார். வண்ண உடையும் வெள்ளைப் பந்தும் நமக்குப் புதியவை. ரவி சாஸ்திரிக்குப் பரிசாகக் கிடைத்த ஆடி காரில் அணியே தொற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவந்ததைப் பார்த்த பிறகுதான் அப்படியொரு கார் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது. வென்றதை நாடு பரவலாகக் கண்ணால் கண்ட முதல் இறுதியாட்டம் இதுவென்று சொல்லலாம்; ஒளிபரப்பிகள் அதற்குள் ஊர்தோறும் வந்துவிட்டிருந்தன. 1983ஐவிட இதைத்தான் நாம் உண்மையில் பார்த்தோம். ஆனாலும் கதை சொல்லும்போது 1983ஐத்தான் சொல்கிறோம்.

மெக்சிகோ வேறு கடிகாரம். 1986 உலகக் கோப்பைக் கால்பந்தின் முக்கிய ஆட்டங்கள் பல அங்கே நண்பகல் வெயிலில் ஆடப்பட்டன, ஐரோப்பியர்கள் தம் வீடுகளில் மாலையில் பார்க்க வேண்டும் என்பதற்காக. மரடோனா வெளிப்படையாகவே அதைக் குறைகூறினார். ஐரோப்பாவின் மாலைக்காக மெக்சிகோவில் நண்பகல் வெந்தபோது நமக்கு இரவு பதினொன்றரை. ஜூன் 22 அன்று அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அர்ஜென்டினாவின் கருநீலச் சட்டை கறுப்பாகவும் இங்கிலாந்தின் வெள்ளை வெள்ளையாகவும் தெரிந்தது நல்லதாயிற்று; குழப்பமே இல்லை. ஊரடங்கிய நேரத்தில் ஒலியைக் குறைத்து, விளக்கை அணைத்து, உறங்கும் குழந்தைகளைச் சுற்றி நாலைந்து பேர். மரடோனா கையால் தட்டிய கோலைக் கை என்று கண்டவர்களும் தலை என்று வாதிட்டவர்களும் கிசுகிசுப்பாகவே சண்டையிட்டார்கள். வாதம் முடிவதற்குள், நான்கு நிமிடத்தில் இரண்டாவது கோல். தன் பாதி மைதானத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கடந்து அவர் போனபோது கிசுகிசுப்பு நின்றுபோனது. கத்தவும் முடியாது, பக்கத்து அறையில் அப்பா. அந்த அடக்கிய கூச்சலுக்கு ஈடான ஒன்றைப் பின்னாளில் எந்த அரங்கத்திலும் நாம் அனுபவித்ததில்லை. அடுத்த ஞாயிறு இறுதியாட்டத்தில் ஜெர்மானியர் பச்சைச் சட்டையில் வந்தார்கள். நம் பெட்டியில் சாம்பல். 2-2 என்று சமனாகி, 84ஆம் நிமிடத்தில் புருச்சாகா போட்ட கோலில் முடிந்தது. மறுநாள் திங்கட்கிழமை. அலுவலகங்களில் சிவந்த கண்களைக் கொண்டே ஒருவரையொருவர் இனம்கண்டுகொண்டார்கள். கால்பந்து என்றால் வங்காளமும் கேரளமும் என்றிருந்த நாட்டில், வியாசர்பாடிக்கு வெளியேயும் அதை ரசிப்போர் சென்னையில் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது.

1987 அக்டோபர் 9 அன்று உலகக் கோப்பையே சேப்பாக்கத்துக்கு வந்தது. சீட்டு கிடைத்தவர்கள் மைதானத்துக்குப் போக, கிடைக்காத சென்னை இரண்டு மூன்று மைல் தொலைவில் அமர்ந்து பெட்டியில் பார்த்தது. தன் ஊரைத் தானே திரையில் பார்ப்பது ஒரு தனிக் கூச்சம். காட்சியில் கடற்காற்று தெரியுமா என்றுகூடத் தேடினோம். ஆஸ்திரேலியாவின் ஆட்டத்தில் டீன் ஜோன்ஸ் அடித்த ஓர் அடி கோட்டைத் தாண்டி விழுந்ததா, கோட்டுக்குள்ளா என்ற ஐயத்தில் நடுவர் நான்கு தந்தார். இடைவேளையில் ஆஸ்திரேலியர் முறையிட்டார்கள், கபில்தேவ் ஒப்புக்கொண்டார், நான்கு ஆறாகி, 268 என்பது 270 ஆயிற்று. ஸ்ரீகாந்த் 70, முதல் ஆட்டம் ஆடிய சித்து 73 என்று வெற்றி கையருகே இருந்தது. கடைசி ஓவரில் ஆறு ஓட்டம் தேவை, கடைசி விக்கெட், மட்டைபிடிப்பது மணிந்தர் சிங். நான்கு எடுத்துவிட்டார். ஐந்தாவது பந்தில் ஸ்டீவ் வாவ் அவர் ஸ்டம்பைச் சாய்த்தார். 269. ஓர் ஓட்டத்தில் தோல்வி; விட்டுக்கொடுத்தது இரண்டு.

கபில்தேவ் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது என்று கூடங்கள் இரண்டாகப் பிரிந்து விவாதித்தன. ஆனால், ஐந்தாண்டுக்கு முன் நேகியைச் சொன்னதுபோல மணிந்தரை யாரும் நாட்டை விற்றவர் என்று சொல்லவில்லை. எதிரணி பாகிஸ்தான் அல்ல என்பது ஒரு காரணம். நாம் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தோம் என்பதும் இன்னொரு காரணமாக இருக்கலாம். அப்படி நம்பிக்கொள்ள ஆசை.

அந்நாளில் தமிழ் வீடுகளுக்கே உரிய வழக்கம் ஒன்றை இங்கே பதிவு செய்துவிட வேண்டும். தூர்தர்ஷனின் வருணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி வரும். இந்தி முறை வந்ததும் பெட்டியின் ஒலியை முற்றாகக் குறைத்துவிட்டு, அலமாரி மேலிருக்கும் டிரான்சிஸ்டரைத் திறந்துவிடுவார்கள். சென்னையில் ஆட்டம் நடக்கும் நாட்களில் வானொலியில் தமிழ் வருணனை உண்டு. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல் வரும். படம் தில்லிக்குச் சொந்தம், குரல் நமக்குச் சொந்தம். இந்தி எதிர்ப்பின் வரலாற்றை எழுதுவோர் 1938ஐயும் 1965ஐயும் எழுதுகிறார்கள். ஒலிக் குமிழை இடப்பக்கம் திருப்பிய இந்தக் கைகளையும் ஓர் அடிக்குறிப்பிலாவது சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தமிழ் வருணனை வெறும் மொழிமாற்றமாக இருக்கவில்லை. மட்டையாளர் பந்தைத் ‘தட்டிவிட்டார்’ என்பதற்கும் ‘தடுத்தாடினார்’ என்பதற்கும் ‘விரட்டினார்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண் பார்க்க, காது உறுதிசெய்தது. ஒரு விளையாட்டுக்கான சொற்களை ஒரு மொழி தன்னுள் உண்டாக்கிக்கொள்வதை நாம் கூடத்தில் அமர்ந்தே கேட்டோம்.

தொண்ணூறுகளின் கதை விரைவில் சொல்லி முடிக்கக்கூடியது. 1991க்குப் பிறகு கம்பிவடம் தெருக்களில் மரத்துக்கு மரம் தாவியது. 1993 ஹீரோ கோப்பையின் ஒளிபரப்பு உரிமை யாருக்கு என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் மூண்ட வழக்கில், அலைவரிசை அரசின் தனிச்சொத்தல்ல, பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கருத்துரிமையின் வரலாற்றில் பெரிய தீர்ப்பு. பொதுமக்களின் சொத்தான அலைவரிசையில் ஓவருக்கு ஓவர் விளம்பரம் வந்தது. மொட்டைமாடிப் பையன்கள் வேலையிழந்தார்கள். 1996 மார்ச் 13 அன்று கொல்கத்தாவில் ஒரு விக்கெட்டுக்கு 98 என்றிருந்த இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 120 என்று சரிந்து, பார்வையாளர்கள் தீவைத்துப் போத்தல் எறிய, ஆட்டம் இலங்கைக்கு அளிக்கப்பட்டபோது, அழுதபடி வெளியேறிய காம்ப்ளியைப் பெரும்பாலோர் சொந்தப் பெட்டியில்தான் பார்த்தார்கள். அந்த இலங்கை அணியில் முத்தையா முரளிதரன் இருந்தார். அதே தீவில், 1990 முதல் பல ஆண்டுகள் மின்சாரமற்றுக் கிடந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள் மக்கள். நாம் வானொலியைக் கைவிட்ட காலத்தில் அவர்களுக்கு அது மட்டுமே இருந்தது.

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதைத் தேர்தல் தந்திரம் என்று எழுதிக் குவித்தவர்கள் அனைவரும் சொந்தப் பெட்டி உடையவர்கள். நம் இலக்கிய நண்பர்களிலும் அப்படி எழுதியவர்கள் உண்டு. கம்பிக்கு வெளியே நின்று பார்த்த ஒருவருக்கு அந்தப் பெட்டி என்னவாக இருந்திருக்கும் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. உள்ளே அழைக்கப்படுவதற்காகக் காத்திருக்க வேண்டிய தேவையை அது ஒழித்தது. தெருவே குடும்பமாக இருந்த அந்தக் கூடத்தையும் சேர்த்துத்தான் ஒழித்தது. அடுத்த மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியா வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றிலேயே ஊர் திரும்பியது. ராஞ்சியில் தோனியின் வீட்டின்மீது கல்லெறிந்தார்கள்.

அதே 2007 ஆகஸ்டில் ‘சக் தே இந்தியா’ வெளிவந்தது. பாகிஸ்தானிடம் தோற்றதால் துரோகி என்று பழிக்கப்பட்ட ஹாக்கி வீரன் ஒருவன் பெண்கள் அணியின் பயிற்சியாளனாகத் திரும்பி வரும் கதை. அதில் நடித்த பெண்களுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்தவர் மீர் ரஞ்சன் நேகி. அதற்குள் அவர் 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் தங்கம் வென்ற அணியின் கோல்காப்பாளர்களுக்குப் பயிற்சி அளித்திருந்தார். 2002 மான்செஸ்டரில் தங்கம் வென்ற பெண்கள் அணியின் பயிற்சியாளர் குழுவிலும் இருந்தார். அந்த இரு வெற்றிகளையும் நம்மில் எத்தனை பேர் பார்த்தோம் என்று தெரியவில்லை. கிரிக்கெட் ஓடும் அலைவரிசைகள் அப்போது நிறைய இருந்தன. பின்னர் ஒரு விடுமுறை நாளில் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். அவரவர் வீட்டில், அவரவர் பெட்டியில், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம்.